ஆயுர்வேதம் பார்த்த இதயம்

கருவில் முதலில் உருவாகும் உறுப்பு எது? பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில் இதற்கு ஒரு விவாதமே நடக்கிறது. தலைதான் என்கிறார் சௌனகர் என்ற முனிவர். கிருதவீரியரோ இதயம் என்கிறார். புத்திக்கும் மனத்துக்கும் அதுதானே இருப்பிடம் என்பது அவர் வாதம். தொப்புள், கைகால், நடுவுடல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லா உறுப்பும் ஒருசேரத்தான் தோன்றுகின்றன, மிக நுண்ணியவையாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று, நூலில் ஆசிரியராக வரும் தன்வந்திரி முடித்துவைக்கிறார்.

கிருதவீரியரின் முடிவு நிற்கவில்லை, ஆனால் அவர் காட்டிய காரணம் நின்றுவிட்டது. அதே நூல் இன்னோர் இடத்தில் இதயத்தை உணர்வின் இருப்பிடம் என்கிறது. தலைகீழான தாமரை போன்ற அது விழித்திருக்கும்போது மலருமாம், உறங்கும்போது கூம்புமாம்.

சரி, இந்த இதயத்துக்கு என்ன வேலை? உணவு செரித்துக் கிடைக்கும் சாரமான ரசம் இதயத்தில் தங்கி, தமனிகள் என்ற குழாய்கள் வழியே உடம்பெங்கும் போகிறது. சுசுருதர் கணக்கில் தமனிகள் 24: மேல்நோக்கி 10, கீழ்நோக்கி 10, பக்கவாட்டில் 4. உடம்பை வாதம், பித்தம், கபம் என்ற மூன்று ஆற்றல்கள் இயக்குவதாக ஆயுர்வேதம் சொல்கிறது. ரசத்தைச் செலுத்துவது வாதத்தின் ஒரு வகையான வியான வாயு. மார்பிலுள்ள அவலம்பக கபம் இதயத்தைத் தாங்குகிறது. இதயத்துக்குள் இருக்கும் சாதக பித்தம் அறிவையும் நினைத்ததை முடிக்கும் ஊக்கத்தையும் தருகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலே ஓஜஸ். ரசம், ரத்தம், தசை போன்ற உடற்கூறுகளான தாதுக்கள் அனைத்தின் சாரம் அது. இதயத்தில் உறையும், தூய்மையானது, சிவப்பில் லேசாக மஞ்சள் கலந்தது, அழிந்தால் உயிரும் போகும் என்கிறது இன்னொரு பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை.

ஊட்டமும் உயிராற்றலும் மனமும் ஒரே வீட்டில் இருந்தால், மனம் நொந்தால் மற்றவையும் நோகத்தானே செய்யும்? அதனால்தான் இதயத்தையும் ஓஜஸையும் காக்க நினைப்பவர், மனத்துக்குத் துன்பம் தருபவற்றை முக்கியமாக விலக்க வேண்டும் என்கிறார் சரகர். வாதம் கெடுவதால் வரும் இதய நோய்க்கு அவர் தரும் காரணங்களில் துக்கம், பட்டினி, அளவுமீறிய உடலுழைப்பு எல்லாம் உண்டு. அறிகுறிகளில் ஒன்று, இதயம் வெறுமையாகிவிட்டது போன்ற உணர்வு. நோயாளியின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட ஒருவரால்தான் இதை எழுத முடியும்.

ரத்த ஓட்டத்தையே ஆயுர்வேதம் அன்றே கண்டுபிடித்துவிட்டது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இதயத்திலிருந்து கிளம்பும் ரசம் சிரைகள் வழியே இதயத்துக்கே திரும்புவதாக பேல சம்ஹிதை என்ற ஆயுர்வேத நூலில் ஒரு வரி இருக்கிறது, அருமையான வரிதான். ஆனால் 1628இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி செய்தது வேறு. அரை மணி நேரத்தில் இதயம் வெளித்தள்ளும் ரத்தம் உடம்பிலுள்ள மொத்த ரத்தத்தையும் மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, அது சுற்றித்தான் வந்தாக வேண்டும் என நிறுவினார்.

துக்கம் பற்றிய கவனிப்பு அப்படியல்ல, அதற்கு இன்று துணை இருக்கிறது. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த டக்கோட்சுபோ என்ற நிலையில், பெரும் அதிர்ச்சிக்கோ இழப்புக்கோ பிறகு இதயத்தின் இடது கீழறை உப்பிக்கொண்டு சரியாகச் சுருங்காமல் போகிறது. மாரடைப்பு போலவே நெஞ்சு வலிக்கும். ஆனால் அதற்குக் காரணமான அடைப்பு ரத்தக்குழாயில் இருக்காது. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் திடீரெனப் பெருகுவதே காரணம் என்று கருதுகிறார்கள். துயரத்தை உணர்வது மூளை, அடி வாங்குவது இதயம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயத் தசை பழையபடி இயங்கத் தொடங்கிவிடுகிறது.