ஆதரவு விலைக்குப் பின்னால் ஒரு கிடங்கு

அமோகமாக விளைந்த வருடத்தில்தான் விவசாயி அதிகமாக அடி வாங்குகிறார். ஏன் அப்படி? 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் போடப்பட்ட ஒரு கணக்கு இதற்குப் பாதி விடை சொல்கிறது. கிரிகோரி கிங் என்பவரின் பெயரால் வழங்கும் அந்தக் கணக்குப்படி, தானிய விளைச்சல் 10 சதவீதம் குறைந்தால் விலை 30 சதவீதம் ஏறும். விளைச்சல் பாதியானால் 450 சதவீதம் ஏறும். இதைத் திருப்பிப் பாருங்கள். விளைச்சல் கொஞ்சம் கூடினாலே விலை மடமடவென்று சரிந்துவிடும்.

காரணம், வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு. கோதுமை பாதி விலைக்கு வந்துவிட்டது என்பதற்காக யாரும் இரண்டு மடங்கு சாப்பிடப் போவதில்லை. விற்பவராலோ காத்திருக்க முடியாது. விதைக்க வாங்கிய கடன் அறுவடையன்று வாசலில் வந்து நிற்கும். போதாததற்கு, எவ்வளவு விதைப்பது என்பதைப் போன வருட விலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். விலை நன்றாக இருந்ததே என்று எல்லோரும் அதையே விதைத்தால் விலை விழும். விழுந்ததே என்று எல்லோரும் கைவிட்டால் அடுத்த முறை ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தை வரைந்தால் சிலந்தி வலை போல வரும். பொருளியலில் இதற்கு அதுவே பெயர்.

இந்தச் சரிவைத் தடுக்க அரசு அறிவிப்பதுதான் ஆதரவு விலை. அப்படிச் சொன்னதும், அதற்குக் கீழே யாரும் வாங்கக் கூடாது என்ற சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான திட்டங்களில் அது வெறும் வாக்குறுதிதான்: வேறு யாரும் இந்த விலைக்கு வாங்காவிட்டால் அரசு வாங்கிக்கொள்ளும். அந்த வாக்குக்கு உயிர் கொடுப்பவை கொள்முதல் நிலையம், தராசு, சாக்கு, கிடங்கு, உடனே பட்டுவாடா செய்யப் பணம். இவையெல்லாம் பக்கத்திலேயே இருந்தால், விளைச்சலில் ஒரு பங்கை அரசு எடுத்துக்கொள்வதே போதும். சந்தைக்கு வரத்து குறையும். வியாபாரியும் அந்த விலையை ஒட்டித்தான் கேட்டாக வேண்டும். கொள்முதல் இல்லாத இடத்தில் அறிவிப்பு வெறும் காகிதம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு 1933இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே பிறந்தது. விவசாயி தானியத்தை அடகு வைத்து அரசிடம் கடன் வாங்குவார். சந்தை விலை ஏறினால் தானியத்தை விற்று, கடனை அடைத்து, மிச்சத்தை எடுத்துக்கொள்வார். விழுந்தால் தானியத்தை விட்டுவிட்டுப் போய்விடலாம்; பாக்கியைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். அறுவடை முடிந்த கையோடு பணம் கிடைப்பதால், அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும் நெருக்கடி இல்லை. விலை எவ்வளவு என்பதோடு, எப்போது விற்பது என்ற உரிமையும் விவசாயியின் கைக்கு வருகிறது.

சிக்கல், விலையை எந்த உயரத்தில் வைப்பது என்பதில் தொடங்குகிறது. தாழ்வாக வைத்தால் அது காப்பீடு. மோசமான வருடத்தில் மட்டும் வேலை செய்யும். சந்தை விலைக்கு மேலே வைத்தால் ஒவ்வொரு வருடமும் வேலை செய்யும், கிடங்கும் நிரம்பிக்கொண்டே போகும். அமெரிக்கப் பாலுக்கு அதுதான் நேர்ந்தது. பாலைச் சேமிக்க முடியாதென்பதால் அரசு அதைப் பாலாடைக்கட்டியாக, வெண்ணெயாக, பால்பவுடராக ஆலைகளிடம் வாங்கியது. 1977இல் ஆதரவு விலை உயர்ந்தது. எவ்வளவு வந்தாலும் வாங்க ஆள் இருக்கும்போது கறவையை யார் குறைப்பார்கள்? மிசௌரி மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் குகைகளில் பாலாடைக்கட்டிகள் அடுக்கடுக்காக ஏறின. 1980களின் தொடக்கத்தில் இருப்பு 50 கோடி பவுண்டு எடையைத் தாண்டி, சிலவற்றில் பூசணமும் பிடித்தது. 1981 டிசம்பரில் அதிபர் ரீகனின் அரசு அதில் 3 கோடி பவுண்டை ஏழைகளுக்குக் கொடுக்க உத்தரவிட்டது. ஐரோப்பாவும் இதே வழியில் போய் விற்காமல் குவிந்த 'வெண்ணெய் மலை'யில் முட்டிக்கொண்டு, 1984இல் பாலுக்கு உற்பத்தி வரம்பு விதித்தது. தாய்லாந்து 2011இல் சந்தையைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகம் கொடுத்து நெல்லை வாங்கிப் பதுக்கினால் உலக விலை ஏறும் என்று கணக்குப் போட்டது. இந்தியாவும் வியட்நாமும் அந்த இடைவெளியில் விற்றுத் தீர்த்தன. மறுவருடமே தாய்லாந்து அரிசி ஏற்றுமதியில் முதலிடத்தை இழந்தது.

பொருளைத் தொடாமலே உதவும் வழிகளும் உண்டு. போருக்குப் பிந்தைய பிரிட்டன், சந்தை விலைக்கும் உறுதியளித்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் விவசாயிக்குக் கொடுத்தது. கிடங்கு வேண்டாம், கடையிலும் விலை ஏறாது. ஆனால் விலை சரியும் வருடத்தில் கஜானா கரையும். ஐரோப்பா 1992க்குப் பிறகு படிப்படியாக நிலப்பரப்பைக் கணக்கிட்டுப் பணம் கொடுக்கும் முறைக்கு வந்தது. என்ன விளைவித்தாலும் அதே பணம் என்றால், மலைபோல் குவிக்கத் தூண்டுதல் இல்லை.

ஆனால் நிலத்துக்குப் பணம் என்றால் அது நிலம் வைத்திருப்பவரைத்தான் தேடிப் போகும். குத்தகைக்காரர் கையில் மானியம் வந்தாலும் அடுத்த குத்தகைப் பேச்சில் அது உரிமையாளர் பக்கம் சாய்ந்துவிடும். உழுகிறவரின் பெயரில் அறிவிக்கப்படும் பணம் இப்படிக் கைமாறுவது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது. நியூசிலாந்து 1984இல் மானியங்களை அடியோடு வெட்டத் தொடங்கியபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. அங்கே பண்ணைகளில் மிகச் சிலவே மூடின; நில விலையோ சடசடவென்று இறங்கியது. அத்தனை வருட மானியமும் மண்ணின் விலைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அந்த உயர்ந்த விலைக்குக் கடன் வாங்கி நிலம் வாங்கியவர்களுக்குக் கடன் மட்டும் இறங்கவில்லை.