சத்தம் கூட்டினால் சிரிப்பு வராது: சிம்பொனி மேடையில் பஃபோ பாடகர்

மேற்கத்திய இசை நாடகமான ஓபராவில் சிரிப்பு மூட்டும் பாத்திரங்களைப் பாடும் பேஸ் (ஆழ்ந்த ஆண் குரல்) அல்லது பாரிடோன் (நடுத்தர ஆண் குரல்) குரல்காரரைப் பஃபோ என்பார்கள். இத்தாலிய இசையமைப்பாளர்களான ரோஸ்ஸினியின் டாக்டர் பார்த்தோலோ, தோனிஸெத்தியின் டான் பாஸ்குவாலே போன்ற பாத்திரங்கள் அவருக்குரியவை. ஓபரா அரங்கில் ஆர்க்கெஸ்ட்ரா அவர் காலுக்குக் கீழே குழிக்குள் உட்கார்ந்து வாசிக்கும். ஒரு வட்டார சிம்பொனிக் குழு அவரைக் கச்சேரிக்கு அழைத்தால், ஆர்க்கெஸ்ட்ரா முதுகுக்குப் பின்னால் மேடையிலேயே இருக்கும். தன் குரல் தனக்கே கேட்காதபோது எவரும் தம்மை அறியாமலே சத்தத்தைக் கூட்டுவார்கள். குரல் கெடுவதும் நகைச்சுவை சாவதும் அங்கேதான் தொடங்குகிறது.

சத்தம் ஏன் உதவாது? ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலி சுமார் 500 ஹெர்ட்ஸை ஒட்டி வலுவாக இருக்கும். அதற்கு மேலே போகப் போகச் சரியும். பயிற்சி பெற்ற ஆண் குரலுக்கு 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர்மை உண்டு. ஒலிபெருக்கி இல்லாமல் அறுபது பேரைத் தாண்டிக் கேட்பது அதனால்தான். ஆனால் அந்தக் கூர்மை நீண்ட உயிரொலிகளில்தான் நன்றாக மலரும். நொடிக்கு ஏழெட்டு அசைகள் ஓடும் வேகப்பாட்டில், அதுவும் பேச்சு ஸ்தாயியில், அதற்கு நேரமே இல்லை. அங்கே அழுத்திப் பாடினால் தாடையும் நாக்கின் அடியும் இறுகும். முதலில் காணாமல் போவது மெய்யெழுத்துகள். ரோஸ்ஸினி வேறு, இப்படிப்பட்ட இடங்களில் மெட்டை வயலின்களிடம் கொடுத்துவிட்டுப் பாடகரை ஒரே சுரத்தில் பொரியவிடுவார். சொல் கேட்காவிட்டால் பாடகரிடம் மிச்சம் எதுவும் இல்லை.

ஆகவே வேலை தொண்டையில் இல்லை, காகிதத்தில் தொடங்குகிறது. கச்சேரிக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே ஆர்க்கெஸ்ட்ராவின் நூலகருக்கு எந்தப் பதிப்பு, எந்தச் சுருதி, எங்கே வெட்டு என்று எழுதி அனுப்புங்கள். 'செவில் நகர நாவிதர்' ஓபராவில் (ரோம், 1816) டான் பஸீலியோ பாடும் 'லா கலூன்னியா'வை ரோஸ்ஸினி எழுதியது டி மேஜரில். பெரும்பாலான பேஸ் பாடகர்கள் பாடிப் பழகியது சி மேஜரில். அதே ஓபராவின் நாயகி ரோஸினாவின் 'ஊனா வோச்சே'வும் அப்படித்தான்: மூலம் இ மேஜர், சோப்ரானோக்களுக்கு (உச்ச ஸ்தாயிப் பாடகிகளுக்கு) எஃப் மேஜர். வாடகைக்கு வரும் வாசிப்புத் தாள்கள் எந்தச் சுருதியில் இருக்கின்றன என்று யாரும் கேட்காமல் ஒத்திகை மேடையில் போய் நின்றால், அறுபது பேர் அந்த இடத்திலேயே சுருதி மாற்றி வாசிக்க மாட்டார்கள். ஒத்திகை எண்களும் (எந்த இடம் என்று சொல்ல இசைத்தாளில் போடும் எண் அல்லது எழுத்து) பதிப்புக்குப் பதிப்பு மாறும். உங்கள் பியானோ ஸ்கோரில் (இசைத்தாளில்) 14 என்றிருப்பது அவர்களிடம் வேறோர் எழுத்தாக இருக்கலாம். அதனால் தாளக்கட்ட எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதே கடிதத்தில் கம்பி வாத்தியங்களின் எண்ணிக்கையையும் பேசிவிடுங்கள். மாலையின் பின்பாதியில் பிராம்ஸின் பெரிய சிம்பொனி ஒன்று இருந்தால் முதல் வயலின்கள் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ரோஸ்ஸினிக்கு 8-6-4-4-2 போதும்: முதல் வயலின் எட்டு, இரண்டாம் வயலின் ஆறு, வியோலா நான்கு, செல்லோ நான்கு, டபுள் பேஸ் இரண்டு. வேகப்பாட்டு வரும் பக்கங்களில் ஒலியளவை ஒரு படி இறக்கிப் பென்சிலால் குறிக்கச் சொல்லலாம். ஒத்திகையில் வாயால் "மெதுவாக" என்று கேட்டால், ஐந்து நிமிடத்தில் பழையபடி ஏறிவிடும். தாளில் எழுதியது நிற்கும்.

அமெரிக்காவின் பல வட்டார ஆர்க்கெஸ்ட்ராக்களில் கலைஞர்களுக்கு ஒத்திகைக்கு இவ்வளவு என்று ஊதியம். ஓர் ஒத்திகை பொதுவாக இரண்டரை மணி நேரம், நடுவில் இடைவேளை. பெரிய சிம்பொனி அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், பாடகருக்கு அரைமணி கிடைத்தாலே பெரிது. எனவே வேகத்தை முந்தைய நாளே இசைநடத்துநருடன் பியானோ வைத்து முடிவு செய்யுங்கள். எங்கே மூச்சு, எங்கே கால் நொடி நிறுத்தம் என்பதும் அப்போதே. முழு ஆர்க்கெஸ்ட்ராவுடன் பாடும் அந்த அரைமணியில் குரலைச் சேமிக்கிறேன் என்று முணுமுணுக்காதீர்கள். உச்ச சுரங்களைத் தாழ்த்திப் பாடலாம். வேகப்பகுதியை முழுக் குரலில்தான் பாட வேண்டும். பதினைந்தாம் வரிசையில் ஒருவரை உட்கார வைத்து, எந்தச் சொல் கேட்கவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். "கொஞ்சம் மங்கல்" என்ற பதில் பயன்படாது.

மண்டபத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இத்தாலிய ஓபரா அரங்குகளில் ஒலி ஒன்றேகால் நொடி அளவில் அடங்கிவிடும். சிம்பொனி மண்டபத்தில் இரண்டு நொடிவரை நிற்கும்; அதற்குள் அடுத்த பதினான்கு அசைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். வீட்டில் பழகிய வேகத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைத்தால் கேட்பவருக்கு வேகம் கூடியதாகவே தோன்றும், ஏனென்றால் இப்போதுதான் சொற்கள் தனித்தனியாகப் போய்ச் சேருகின்றன. காலி மண்டபத்தின் எதிரொலியைக் கேட்டுப் பழகிய காது, கூட்டம் நிரம்பியதும் ஒலி வறண்டுவிட்டதாக உணரும். அந்த நேரம் அழுத்தாமல் இருப்பதுதான் கடினம்.

பயிற்சிக்கு: தாளம் தட்டும் கருவியான மெட்ரோநோமை இலக்கு வேகத்தின் அறுபது சதவீதத்தில் வைத்து, முதலில் சுரமில்லாமல் சொற்களை மட்டும், பிறகு ஒரே சுரத்தில், அதன்பின் மெட்டோடு. தடுமாறாமல் மூன்று முறை வந்தால் நான்கு புள்ளி ஏற்றுங்கள். இத்தாலிய ப, த, க ஒலிகள் தமிழில்போலவே மூச்சுக்காற்று கலக்காதவை. ஆங்கிலம் பேசுபவர்கள் இங்கேதான் காற்றை வீணாக்கி, வரியின் பாதியில் மூச்சு முட்டுகிறார்கள். ஜார்ஜ் கிராஸ்மித் 1880இல் லண்டனில் முதன்முதலாக, கில்பர்ட்-சல்லிவன் இணையின் 'பென்சான்ஸ் கடற்கொள்ளையர்' நகைச்சுவை ஓபராவில் வேகப்பாட்டுக்குப் பேர்போன மேஜர் ஜெனரல் பாத்திரத்தைப் பாடினார். பியானோவோடு தனியாளாக நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தியவர், பெரிய குரல்காரர் அல்ல. இசையமைத்த சல்லிவன் அவருக்கு ஏற்ப ஆர்க்கெஸ்ட்ராவை மெலிதாக எழுதிக் கொடுத்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சனி இரவு, ஞாயிறு பிற்பகல் என்று இரண்டு காட்சிகள் இருந்தால், நடுவில் வலி மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் இரண்டும் குரல் நாணில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பைக் கூட்டும். பாடும்போது திடீரெனக் குரல் அறுந்தால் அத்தோடு நிறுத்துங்கள். கிசுகிசுப்பாகக்கூடப் பேச வேண்டாம். நேராகக் குரல்வளை பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். கரகரப்பு இரண்டு வாரம் தாண்டினாலும் அதே வழிதான்.

கடைசியாக மேல்வரி, அதாவது மேடைக்கு மேலே திரையில் ஓடும் மொழிபெயர்ப்பு. அது முன்கூட்டி வந்துவிட்டால் மக்கள் பாடகருக்கு முன்பே சிரித்துவிடுவார்கள், அந்தச் சிரிப்பில் அடுத்த வரி மூழ்கும். நகைச்சுவை முடியும் சொல்லைத் தனி வரியாகப் பிரித்து, அந்த அசை பாடப்படும்போதுதான் ஏற்ற வேண்டும் என்று மேல்வரியை இயக்குபவரின் ஸ்கோரில் குறித்துக் கொடுங்கள். சிரிப்பு நீளும் என்று தெரிந்த இடத்தில் இரண்டு தாளக்கட்டங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்க ஏற்பாடு செய்யலாம். ஆனால் அதிலிருந்து வெளியேறும் சைகையைப் பாடகர் கொடுப்பதா, இசைநடத்துநர் கொடுப்பதா என்பதை ஒத்திகையிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.