ஒட்டுண்ணி இல்லை, தொற்றி

கொடைக்கானல் பக்கம் ஒரு சோலைக்காட்டு ஓரத்தில் பலகை வைத்திருந்தார்கள். "பெருமரங்களில் வளரும் ஒட்டுண்ணிப் பாசிகள்" என்று பச்சை எழுத்தில் இருந்தது. இந்தச் சொல்லைத் தொலைக்காட்சித் தமிழாக்கங்களில் எத்தனையோ முறை கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அன்றைக்கு அப்படிச் சும்மா நிற்க முடியவில்லை. ஏழாவது படிக்கும் என் அக்கா மகன் பலகையைப் படித்த கையோடு ஒரு குச்சியை எடுத்து, அடிமரத்தில் மெத்தையாகப் படர்ந்திருந்த பாசியைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டான். ஏன்டா என்று அதட்டினால், "மரத்தோட சாற உறிஞ்சுதாம் மாமா. எடுத்து விட்டா மரம் பொழச்சுக்கும்ல" என்கிறான். பையன் மேல் என்ன குற்றம்? பலகை சொன்னதை நம்பினான்.

நாங்கள் ராமேசுவரம் பக்கம் மண்டபம் ஊர்க்காரர்கள். வீட்டில் ஆடு உண்டு. உண்ணி என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆட்டின் காது மடலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, சாம்பல் நிறத்தில் பயறு மாதிரி உப்பிக் கிடக்கும். பிடுங்கிக் கல்லில் வைத்துத் தேய்த்தால் ரத்தம் தெறிக்கும். உண்பதால் அது உண்ணி. ஒட்டிக்கொண்டு உண்பது ஒட்டுண்ணி. பொருளுக்கு அச்சாகப் பொருந்திய சொல். அதில் எனக்குக் குறையே இல்லை. அதை எடுத்துப் பாசியின் மேல் ஒட்டியதுதான் குறை.

இதற்கு ஆங்கில மூலச்சொல் எபிஃபைட் (epiphyte). கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேல், 'ஃபைட்டான்' என்றால் செடி. ஒன்றின் மேல் வளரும் செடி, அவ்வளவுதான். தின்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. தமிழுக்கு வரும் வழியில் 'உண்ணி' எங்கிருந்து வந்து ஏறியது?

பையன் சுரண்டிய இடத்தையே அவனுக்குக் காட்டினேன். கீழே விழுந்த பாசித் துண்டைப் புரட்டினால் அடியில் பழுப்பாக, மயிரிழை போல வேரிகள். அவற்றில் பட்டைத் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மரப்பட்டையிலோ ஓட்டை இல்லை, வீக்கம் இல்லை, சாறு கசிந்த தடம் இல்லை. அந்த வேரிகளின் முக்கிய வேலை பிடித்துக்கொள்வது. தண்ணீரை உடம்பு முழுவதாலும் எடுத்துக்கொள்ளும். மழையும் மூடுபனியும் கொண்டுவந்து கொடுப்பதுதான் அதற்குத் தண்ணீர். சோற்றைத் தன் பச்சையத்தால் வெளிச்சத்தில் தானே ஆக்கிக்கொள்ளும். கோடையில் சுருண்டு காய்ந்து கிடக்கும், பனி இறங்கினால் மறுபடி விரியும். மரம் அதற்கு இடம் கொடுக்கிறது, இலை போடவில்லை.

உண்மையான ஒட்டுண்ணிச் செடியைப் பார்க்க மலைக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் தெரு மாமரத்தில் புல்லுருவி இருக்கிறது. அது கிளையைக் கவ்விய இடம் முடிச்சாக வீங்கியிருக்கும், கிளைக்குள்ளேயே இறங்கிக் குடிக்கும். கடற்கரைப் புதர்களின் மேல் மஞ்சள் நூலை அள்ளிக் கொட்டியது போலக் கிடக்கும் கொத்தானும் அந்தச் சாதிதான். இவற்றுக்கும் சோலைப் பாசிக்கும் ஒரே பெயர் வைத்தால் மொழி எதற்கு?

ஊருக்கு வந்ததும் எங்கள் சின்னம்மாவிடம் இதைச் சொன்னேன். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிறவர். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. "மரத்துல பாசியா? மலையில ஏதுப்பா கடலு?" எங்கள் கரையில் பாசி என்றாலே மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை. பழம் பொருள் இன்னும் விரிவானது. பச்சை நிறத்தைக் குறிக்கும் 'பசு' என்ற வேர்ச்சொல்லில் பிறந்தது இது. பாசிப்பயறும் அங்கிருந்து வந்ததுதான். குறுந்தொகை 399ஆம் பாட்டில் ஊருணித் துறையின் பாசியைப் பசலைக்கு ஒப்பிடுகிறார் பரணர். பிரியாணியில் போடும் கல்பாசி பாசியே இல்லை, பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் லைக்கன். ஆகவே சோலைமரத்தில் இருப்பதை வெறும் பாசி என்று விடாமல் மரப்பாசி என்று சொல்வது நல்லது. அதற்காக 'மாஸ்' (moss) என்ற ஆங்கிலப் பெயரைத்தான் எழுதவேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நான் மரப்பாசியை விளக்கி முடித்ததும் சின்னம்மா கேட்டார்: "அப்ப பாருல தொத்தியிருக்கிற பாசி மாதிரிதான? பார அது திங்கவா செய்யுது?"

இதற்கு மேல் ஒரு பேராசிரியர் என்ன சொல்லிவிடப் போகிறார்? பார் என்றால் கடலடிப் பாறை. அதில் பற்றிக்கொண்டு, தண்ணீரிலும் வெயிலிலும் வாழ்கிறது கடற்பாசி. சோலைப் பாசிக்கு மரம்தான் பார், மூடுபனிதான் கடல். சொல்லையும் அவரே கொடுத்துவிட்டார். தொத்துவது, எழுத்தில் தொற்றுவது. நான் சொல்வது தொற்றி. பாசியென்றால் தொற்றுப்பாசி, பொதுவாகத் தொற்றுத்தாவரம். நம் பாடநூல்களில் தொற்றுத்தாவரம் ஏற்கெனவே இருக்கிறது. பலகை எழுதியவர் பள்ளிப் புத்தகத்தைப் புரட்டியிருந்தாலே போதும்.

தொற்று என்றால் நோய் ஆயிற்றே என்று ஒரு நண்பர் தடை சொன்னார். 2020க்குப் பிறகு இந்தத் தடை அடிக்கடி வருகிறது. பஸ் படிக்கட்டில் தொத்திக்கொண்டு வருகிறவனும், அம்மா இடுப்பில் தொத்திக்கொள்ளும் குழந்தையும் நோயா? சொல் நோய்க்கு முன்பே இருந்தது, நோய்தான் அதை இரவல் வாங்கியது. ஒரு கொள்ளைநோய்க்காக நல்ல வினைச்சொல்லைத் தாரை வார்க்க முடியாது. மேலொட்டி என்றும் சிலர் எழுதுகிறார்கள். பொருளில் பிழையில்லை. ஆனால் 'ஒட்டி' என்று எழுதத் தொடங்கும் கை, பழக்கத்தில் 'உண்ணி'க்கு வழுக்கிவிடுகிறது. கண்முன்னே நடக்கிறது இது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. பாசியின் கூடவே அதே பட்டையில் தட்டையாகப் படரும் லிவர்வொர்ட்டை ஒருவர் 'கல்லீரல் மரு' என்று எழுதியிருந்ததைப் படித்து அரண்டுபோனேன். 'வொர்ட்' பழைய ஆங்கிலத்தில் பூண்டு. மருவுக்கான ஆங்கிலச் சொல் வேறு, ஒலிதான் கிட்டத்தட்ட ஒன்று. சிலவற்றின் மடல் ஈரல் போல இருப்பதால், ஈரல் நோய்க்கு மருந்தாகும் என்று ஐரோப்பாவில் ஒருகாலத்தில் நம்பி வைத்த பெயர் அது. ஈரல்பூண்டு என்றால் முடிந்தது. ஈரலுருத் தாவரம் என்பதும் சரிதான், நாக்குக்குத்தான் கொஞ்சம் நீளம். மரப்பாசி, ஈரல்பூண்டு இரண்டையும் சேர்த்துச் சொல்ல பிரையோபைட் என்ற கடன்சொல்லே இருந்துவிட்டுப் போகட்டும். புரியாத சொல்லைக் கேட்டால் பையன் பொருள் கேட்பான். புரிகிற தவறான சொல்லைக் கேட்டால் குச்சியைத்தான் எடுப்பான்.

பலகைக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். புதுப் பலகை கேட்கவில்லை. "ஒட்டுண்ணிப் பாசிகள்" என்பதன் மேல் பச்சை வண்ணம் பூசிவிட்டு, "தொற்றுப்பாசிகள்" என்று எழுதச் சொன்னேன்.