வன்முறைக்கு நடுவே கருவுற்றிருக்கும் பெண்ணும் டூலாவின் பணியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலும் அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் பகுதிகளிலும் டூலாவாக, அதாவது பேறுகாலத் துணையாகப் பணிபுரியும் நான் சந்திக்கும் கர்ப்பிணிகளில் சிலர், கணவனிடமோ புகுந்த வீட்டாரிடமோ அடியும் மிரட்டலும் பட்டுக்கொண்டிருப்பவர்கள். முதல் சந்திப்பிலேயே அதை யாரும் சொல்லிவிடுவதில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதும் இல்லை.

"பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று உறவினர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் ஆறுதல்தான் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. சில வீடுகளில் அடி தொடங்குவதே கருவுற்ற பிறகுதான். வயிற்றில் விழும் அடியால் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து முன்கூட்டியே பிரிந்து, தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து நேரலாம், குறைப்பிரசவமும் ஆகலாம். கழுத்தை நெரித்தவன் பின்னாளில் கொல்லவும் துணியக்கூடும் என்பது இத்துறையில் உள்ளோர் அறிந்த அபாய அறிகுறி. ஆகவே, "கழுத்தில் கை வைத்தார்" என்று ஒரு பெண் போகிற போக்கில் சொன்னாலும், வெளியே காயம் எதுவும் தெரியாவிட்டாலும், அன்றே மருத்துவரிடம் காட்டும்படி வற்புறுத்துகிறேன். நான் வற்புறுத்தும் விஷயம் அநேகமாக இது ஒன்றுதான்.

டூலா மருத்துவம் பார்ப்பவள் அல்லள். வலி தொடங்கியது முதல் குழந்தை பிறக்கும் வரை விலகாமல் உடனிருப்பவள். அந்த உடனிருப்புக்கு என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில், இன்று ரஹீமா மூசா தாய் சேய் மருத்துவமனை என்று பெயர் பெற்றுள்ள அன்றைய கொரோனேஷன் மருத்துவமனையில் நடந்து 1991-இல் வெளியான ஆய்வில், மருத்துவப் பயிற்சி இல்லாத சாதாரணப் பெண்கள் பிரசவத்தின்போது அருகிலிருந்து தைரியம் சொன்ன தாய்மார்கள், பிறகு தாய்ப்பால் கொடுப்பதிலும் தாய்மையில் தன்னம்பிக்கை கொள்வதிலும் மற்றவர்களைவிட மேலான நிலையில் இருந்தனர்.

வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குப் பிரசவ அறை மற்றவர்களுக்கு இருப்பதைப் போன்ற இடம் அன்று. அறிமுகமில்லாத ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு, "காலை அகட்டும்மா, உடம்பைத் தளர்த்து" என்று சொல்லும்போது, அதே சொற்களை வேறொரு குரலில் கேட்ட உடல் தானாகவே இறுகிவிடுகிறது. பல் கடித்து, கூரையை வெறித்தபடி சத்தமே இல்லாமல் கிடக்கும் பெண்ணை, "எவ்வளவு பொறுமையான பெண்" என்று வார்டில் பாராட்டுவார்கள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படிப்பட்ட நேரத்தில் நான் அவள் கண்ணுக்கு எதிரே வந்து நின்று, பெயர் சொல்லி அழைத்து, இருக்கும் இடத்தையும் யார் என்ன செய்யப்போகிறார் என்பதையும் சொல்வேன். அவள் தலையசைத்த பிறகுதான் அவள் கையையே தொடுவேன். எட்டாம் மாதத்திலேயே இருவரும் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்கிறோம்: தொடும் முன் சொல்லுங்கள், உள்ளங்கையை உயர்த்தினால் நிறுத்துங்கள், முடிந்தால் ஒருக்களித்துப் படுத்த நிலையிலேயே பரிசோதியுங்கள். காரணத்தை எழுத வேண்டியதில்லை. காரணம் கேட்காமலேயே இதை மதிக்கும் செவிலியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

திருமணமாகித் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்த பெண்களின் நிலை இன்னும் இக்கட்டானது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வழியில்லை. விசா கணவனைச் சார்ந்தது. பாஸ்போர்ட் அவன் அலமாரியில். ஆங்கிலம் சரளமாக வராததால் கிளினிக்கில் மாமியாரோ கணவனோதான் பேசுகிறார்கள். வீட்டில் நிலைமை எப்படி என்று செவிலியர் கேட்கும் கேள்விக்கு, அடித்தவனே மொழிபெயர்த்துப் பதில் சொல்கிறான். எனவே பரிசோதனையின் ஒரு பகுதியாவது பெண் தனியாக இருக்கும்போது நடக்க வேண்டும். "இது வார்டின் விதி" என்று செவிலியரைச் சொல்லவைப்பது நல்லது, ஏனெனில் அவளே கேட்டாள் என்று தெரிந்தால் அன்றிரவு அதற்கும் அடி விழும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அரசுக் கிளினிக்கில் தரப்படும் மகப்பேறுப் பதிவேட்டைத் தாயே வீட்டுக்கு எடுத்துச் செல்கிறாள். அதில் எதை எழுதினாலும் வீட்டில் படிப்பார்கள் என்று எண்ணியே எழுத வேண்டும்.

சட்டம் அவள் பக்கம் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வழக்கறிஞர் இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம், தென்னாப்பிரிக்கக் குடியுரிமையும் தேவையில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், அடியை மட்டுமல்லாமல் ஒருவரை அடக்கியாளும் நடத்தையையும் வன்முறையாகவே கொள்கிறது. 0800 428 428 என்ற இலவச உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. ஆனால் அழைப்பு செல்பேசியில் பதிவாகி நிற்கும் என்பதால், கிளினிக் தொலைபேசியிலிருந்தோ நம்பிக்கையான ஒருவரின் செல்பேசியிலிருந்தோ அழைப்பதே பாதுகாப்பு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "நான் என்ன செய்யட்டும் அக்கா?" என்று கேட்பவளிடம், "வீட்டை விட்டு வந்துவிடு" என்று நான் சொல்வதில்லை. பிரிந்து செல்லும் வேளையே உயிருக்கு மிகவும் ஆபத்தான வேளை. எப்போது, எப்படி என்பதை அவளைவிட நன்றாகக் கணிக்கக்கூடியவர் எவரும் இல்லை. வழிகளைச் சொல்கிறேன், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரிடம் சேர்த்துவிடுகிறேன், அவள் எடுக்கும் முடிவு எதுவானாலும் அடுத்த வாரமும் வருகிறேன். பிரசவத்துக்குப் பின் வரும் வாரங்களில் இந்த வருகை இன்னும் அவசியமாகிறது, ஏனெனில் குழந்தை அழுகிறது என்பதே அடிக்கு ஒரு புதிய காரணமாகிவிடுகிறது. தாய்ப்பால் கொடுப்பதைப் பார்க்க வந்தவள் என்ற முறையில் அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கிறது. கணவன் இருக்கும்போது தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் நான் பேசுவதில்லை.