ப்ளூயியின் அப்பா பலகையைப் பிடுங்கினார். நம் வீட்டில் என்ன சொல்வது?

2024 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளன்று வெளியான ஒரு கார்ட்டூனைப் பற்றிப் பெற்றோர்கள் இன்னமும் என்னிடம் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் தயாராகும் ‘ப்ளூயி’ தொடரின் ‘தி சைன்’ என்ற சிறப்புப் பகுதி அது. வழக்கமாக 7 நிமிடங்களில் முடிந்துவிடும் தொடர். இது மட்டும் 28 நிமிடங்கள் ஓடும். குழந்தைக்குத் துணையாக உட்கார்ந்த பெரியவர்கள் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். பெரம்பூரில் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு, ரசிகர்கள் போட்ட சண்டைகளில் ஒன்று மிக முக்கியமாகப் படுகிறது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிரிஸ்பேன் நகரில் வாழும் ஒரு நாய்க் குடும்பம். அப்பா பேண்டிட், அம்மா சில்லி, மகள்கள் ப்ளூயியும் பிங்கோவும். ஜோ பிரம் உருவாக்கி 2018 முதல் ஒளிபரப்பாகும் இந்தத் தொடரில் வில்லன் யாரும் கிடையாது. வீட்டுக்குள் விளையாடும் விளையாட்டும் சின்னச் சின்ன மனத்தாங்கல்களும்தான் கதை. இந்தச் சிறப்புப் பகுதியில் அப்பாவுக்கு வேறு நகரத்தில் கூடுதல் சம்பளத்தில் வேலை கிடைக்கிறது. வீட்டை விற்க முடிவு செய்கிறார்கள். வாசலில் ‘விற்பனைக்கு’ என்று பலகை நட்டாகிவிட்டது. ப்ளூயிக்குப் போக மனமே இல்லை. வீட்டில் கல்யாணம், நடுவில் மணப்பெண் கிளம்பிப் போய்விடுகிறாள், எல்லோரும் தேடுகிறார்கள். கடைசியில் வீட்டை வாங்க இருந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட, பேண்டிட் அந்தப் பலகையைப் பிடுங்கி எறிகிறார். குடும்பம் அங்கேயே தங்கிவிடுகிறது.

வெளியாகும் முன்பே ரசிகர்களுக்குப் பதைப்பு. முந்தைய பகுதியில் வீடு விற்பனைக்கு வந்துவிட்டதால், தொடரையே முடித்துவிடப் போகிறார்கள் என்று பலர் கலங்கிப் போயிருந்தார்கள். அப்படி நடக்கவில்லை, அடுத்த வாரமே இன்னொரு பகுதி வந்தது. பிள்ளைப் பேறுக்காகக் காத்திருந்து ஏங்கிய பெண்களைச் சில்லியின் சகோதரி பிராண்டி அழ வைத்துவிட்டாள். ‘எவ்வளவு ஆசைப்பட்டாலும் சிலருக்குக் கிடைக்காது’ என்று முன்பொரு பகுதியில் நாசூக்காகக் காட்டப்பட்டவள், கல்யாணத்துக்கு வயிற்றில் பிள்ளையோடு வருகிறாள். குழந்தைகளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

பெரிய வாக்குவாதம் முடிவைப் பற்றித்தான். ‘நல்ல வேளை, போகவில்லை’ என்று ஒரு கூட்டம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. இன்னொரு கூட்டம், பெரும்பாலும் வேலை காரணமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மாறியவர்கள், மனம் புண்பட்டுக் கேட்டது: ‘எங்கள் வீட்டில் யாரும் பலகையைப் பிடுங்கவில்லையே, எங்கள் குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?’

நான் இரண்டாவது கூட்டத்தின் பக்கம் நிற்கிறேன். கதையில் குறை இருக்கிறது என்பதற்காக அல்ல. கதைக்கு அந்த முடிவு பொருந்துகிறது. ஆனால் வட சென்னையில் வாடகை வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு வீடு மாறுவது கார்ட்டூனில் மட்டும் நடக்கும் சமாசாரம் இல்லை. 11 மாத ஒப்பந்தம், வருடா வருடம் ஏறும் வாடகை, ‘மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும்’ என்ற பேச்சு, வீட்டை பில்டரிடம் கொடுக்கப் போவதாக வரும் செய்தி. ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற மாட்டோம் என்பதால் ஆவணியிலும் தையிலும் தெருவுக்குத் தெரு குட்டி யானை வண்டிகளில் பீரோவும் கட்டிலும் ஏறுகின்றன. அதன் பிறகு வரும் வாரங்களில், காரணம் தெரியாத வயிற்றுவலியோடு வரும் குழந்தைகளை நான் அதிகமாகப் பார்க்கிறேன்.

அப்படி வந்தவர்களில் ஒரு சிறுமி, இரண்டாம் வகுப்பு. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பெரம்பூரில் மாடி வீடு. காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் குடியிருக்கும்போதே கீழே கேட்டில் ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா வீட்டில் இந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு வந்த குழந்தை, ‘நீங்களும் அதைப் பிய்த்துப் போட்டுவிடுவீர்களா அப்பா?’ என்று கேட்டிருக்கிறாள். அழாமல் தூங்கட்டும் என்று, ‘அப்பா பார்த்துக்கொள்கிறேன் கண்ணு’ என்றார் அவர். பெரியவர்கள் அதை ஆறுதலாகச் சொல்கிறோம். குழந்தை அதை வாக்காக எடுத்துக்கொண்டது. வண்டி வந்த அன்றும், சாமான்கள் இறங்க இறங்க, அப்பா எப்போது அந்த அட்டையைக் கிழிப்பார் என்று கேட்டருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம். புது வீட்டுக்குப் போன பிறகு அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ‘வீட்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்’ என்று அம்மா நினைத்திருந்தார். என்னிடம் அவள் வீட்டைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. ‘அப்பா பொய் சொன்னார்’ என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்தக் கார்ட்டூனில் எனக்கு மிகவும் பிடித்தது முடிவு அல்ல. போகப் போகிறோம் என்பதை அந்தப் பெற்றோர் மறைக்கவில்லை. பலகை எல்லோர் கண் முன்னாலும் நிற்கிறது. ப்ளூயி கோபப்படுகிறாள், யாரும் அவளை வாயை மூடச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் உள்ளூரச் சங்கடம்தான் என்பது குழந்தைக்குத் தெரிகிறது. ப்ளூயியின் ஆசிரியை கலிப்ஸோ, நல்லதும் கெட்டதும் மாறி மாறி வரும் ஒரு விவசாயியின் கதையைச் சொல்கிறார். கதைகள் மட்டும் ஏன் எப்போதும் நல்லபடியாக முடிகின்றன என்று கேட்டால், சோகமான முடிவுகளை வாழ்க்கையே போதுமான அளவு தந்துவிடும் என்கிறார். ஒரு குழந்தையிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசலாம் என்று அந்த 28 நிமிடங்கள் காட்டுகின்றன.

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. புரோக்கரோடு தாழ்ந்த குரலில் போன். குழந்தை உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். ‘சொன்னால் அழும்’ என்பார்கள். அழட்டும், அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. தெரியாமல் இருப்பதுதான் ஆகாது. அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்து அது தானே ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்கிறது. ‘ஓடாதே, ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்லிவிடுவார்’ என்று தினமும் சொல்லித்தானே வளர்க்கிறோம்? அப்புறம் ஒரு நாள் நிஜமாகவே காலி செய்தால், தான் ஓடியதால்தான் என்று நான்கு வயதுக் குழந்தை நம்பிவிடுகிறது. இதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ‘உன்னால் இல்லை, வீட்டுக்காரருக்கு வீடு தேவைப்படுகிறது’ என்று கேட்காமலேயே சொல்லுங்கள். ஒரு தடவை போதாது.

போவது உறுதியானதும் சொல்லிவிடுங்கள், இன்னின்ன தேதி என்று காலண்டரில் காட்டி. மாறாது என்றால் மாறாது என்றே சொல்லுங்கள். பால் காய்ச்சும் நாளில் குழந்தையும் உடன் இருக்கட்டும். புது வீட்டில் தான் எங்கே படுக்கப் போகிறோம் என்பதை அதுவே பார்க்கட்டும். அதன் சாமான்களை அதன் கையாலேயே ஒரு பெட்டியில் கட்டச் சொல்லி, அந்தப் பெட்டியைக் கடைசியாக ஏற்றி முதலில் இறக்குங்கள். மூட்டை கட்டும் அவசரத்தில் பழைய பொம்மைகளைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அதைப் பிறகு செய்துகொள்ளலாம். கிளம்பும் முன், கடைக்கார அண்ணாச்சியிடமும் கீழ் வீட்டு ஆயாவிடமும் சொல்லிக்கொண்டு வர நேரம் கொடுங்கள். ‘வாழ்க்கை முழுக்கவா அழப் போகிறாய்’ என்று விரட்டாதீர்கள். புது இடத்தில் சாப்பாட்டு நேரமும் தூங்கும் நேரமும் கதை சொல்லும் ஆளும் மாறாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

குழந்தையோடு ‘தி சைன்’ பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பாருங்கள். வீடு மாறப் போகிற சமயமாக இருந்தால் குழந்தையைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள். முடிந்ததும், ‘ப்ளூயி வீட்டில் தங்கிவிட்டார்கள், நாம் போகத்தான் போகிறோம், உனக்கு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் உடனே வராது. மறுநாள் தலை வாரும்போது வரும்.

இதையெல்லாம் செய்ய அவகாசமே கிடைக்காத குடும்பங்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1970-இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியது. அதன் பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, திரும்பி வரும்வரை ஆளுக்கொரு பக்கம் வாடகைக்குப் போகிறார்கள். ஆற்றங்கரையோரத்திலிருந்து அகற்றப்பட்டவர்கள் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று நகரத்தின் மறுகோடிக்கே போயிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டோடு கூட்டாளிகளும் பள்ளியும் ஒரே நாளில் போய்விடுகின்றன. கல்வியாண்டின் நடுவே குடும்பங்களை மாற்றக் கூடாது என்பதை அதிகாரிகளிடம் வலியுறுத்திக் கேட்பது நம் எல்லோருடைய வேலையும்தான்.

அப்படி மாற நேர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 5-ஆம் பிரிவின்படி, டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டி, 8-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ முடியாது. டி.சி.க்காகப் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்க வேண்டாம்.

மாறிய புதிதில் தூக்கம் கெடுவது, அம்மாவை விட்டு நகராமல் இருப்பது, விட்டுப்போன விரல் சூப்பும் பழக்கம் திரும்புவது எல்லாம் இயல்பு. திட்டாமல் இருந்தால் மெல்லத் தணியும். மாதக் கணக்கில் நீடித்தாலும், படுக்கையை நனைப்பது நிற்காவிட்டாலும், சாப்பாடும் பேச்சும் குறைந்துகொண்டே போனாலும் தாமதிக்காதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் பக்கத்தில்தான் இருக்கின்றன. அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம். எந்த டாக்டரிடம் போனாலும், வயிற்றுவலி என்று மட்டும் சொல்லாமல், எப்போது வீடு மாறினீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.