ஓடுகிற காரில் பற்றரி வயரைக் கழற்றாதீர்கள்

போன வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனையில் இருந்து என் கராஜுக்கு ஒரு நிசான் சன்னி எப்பி 14 வந்தது. ஓடி வரவில்லை, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கார்க்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இருபது வருடத்துக்கு மேலாக அதே கார்தான், பெயிண்ட்கூட மங்காமல் வைத்திருக்கிறார். மகன் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"என்ன சேர் நடந்தது?" என்று கேட்டேன்.

"பற்றரி லைட் மங்கலா எரிஞ்சுது பாஸ். அல்டர்னேட்டர் வேலை செய்யுதா எண்டு பார்க்கிறதுக்கு மகன் கார் ஓடேக்க பற்றரி வயரைக் கழட்டினவன். எல்லா லைட்டும் ஒருக்கா பளிச்செண்டு எரிஞ்சுது. கார் நிண்டுட்டுது. அதுக்குப் பிறகு ஸ்டார்ட் இல்லை."

அல்டர்னேட்டர் என்பது என்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கி பற்றரியைச் சார்ஜ் பண்ணும் சாமான். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. ஒரே மாதத்தில் இது மூன்றாவது கார். முதலில் வத்தளையில் இருந்து ஒரு 110 கொரோல்லா, பிறகு தெஹிவளையில் இருந்து ஒரு லான்சர், இப்போது இது. மூன்றிலும் ஒரே கதை, மூன்றிலும் என்ஜினை நடத்தும் கம்பியூட்டரான ஈசியூ போய்விட்டது. சன்னியில் ரேடியோவும், அல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் கட்அவுட்டும் சேர்ந்து போயிருந்தன. அந்தக் காரில் முதலில் இருந்த கோளாறு என்ன தெரியுமா? அல்டர்னேட்டருக்குள் தேய்ந்துபோன இரண்டு கார்பன் பிரஷ். ஒரு மணித்தியால வேலை. அந்தப் பிரஷ்ஷின் விலையைப் போலப் பல மடங்கு காசைக் கட்டிக்கொண்டு, அதே இலக்கமுள்ள ஈசியூவைத் தேடி பஞ்சிகாவத்தையில் கடை கடையாக அலைந்தார்கள்.

வீட்டில் காரில் கை வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, கார்களுக்குத் திரும்பவும் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருக்கிற காரை வைத்துத்தான் எல்லாரும் சமாளித்தோம். இப்போது வந்திறங்கும் காரின் விலையைப் பார்த்தால் பழைய காரைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் புத்தி. சொந்தக் காரைத் தெரிந்துவைத்திருப்பவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஓடிய காலத்தில் காரில் அல்டர்னேட்டருக்குப் பதிலாக இருந்தது டைனமோ. எரிவதற்கு அந்தக் காரில் எலெக்ட்ரோனிக் சாமான் ஒன்றுமில்லை. அன்றைய பாஸ்மார் வயரைக் கழற்றிப் பார்த்தார்கள், கார் ஓடியது, "டைனமோ நல்லம்" என்றார்கள். அவர்களிடம் வேலை பழகியவர்கள் அதையே அல்டர்னேட்டருக்கும் செய்தார்கள். இப்போது வீடியோ பார்த்துவிட்டுப் பிள்ளைகள் செய்கிறார்கள்.

அல்டர்னேட்டர் உள்ள காரில் பற்றரி கரண்டைச் சேமிக்கும் பெட்டி மட்டுமில்லை. ஏறுகிற வோல்ட்டை உள்ளே வாங்கி அமுக்கி வைத்திருப்பதும் அதுதான். சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் சட்டென்று பிரித்தால் அல்டர்னேட்டருக்கு உடனே குறைக்கத் தெரியாது. ஒரு நொடியில் பாதிக்கும் குறைவான நேரம்தான், ஆனால் அந்த நேரத்துக்குள் 14 வோல்ட்டில் இருந்த லைன் நூறு வோல்ட் வரைக்கும் போகலாம். "பளிச்செண்டு எரிஞ்சுது" என்று சேர் சொன்னது அதைத்தான். பல்ப் தாங்கினாலும் தாங்கும். ஈசியூவும், அல்டர்னேட்டருக்குள் கரண்டை ஒரே திசையில் விடும் டையோடும் தாங்காது.

"நான் மைனஸைத்தானே கழற்றினேன்" என்பார்கள். எதைக் கழற்றினாலும் பற்றரி பிரிந்துவிட்டது, அதில் வித்தியாசமே இல்லை. "நான் முந்தி நாலைந்து தரம் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். அன்றைக்கு பற்றரி நிரம்பி இருந்திருக்கும், சார்ஜ் குறைவாகப் போயிருக்கும், தப்பிவிட்டீர்கள். பற்றரி இறங்கியிருக்கும்போதுதான் அல்டர்னேட்டர் முழு மூச்சாக வேலை செய்யும். சந்தேகம் வந்து நீங்கள் வயரைக் கழற்றுவதும் அதே நேரத்தில்தான். மிக மோசமான நேரம் அது.

இத்தனை ஆபத்துக்கும் அந்தச் சோதனை ஒன்றையும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு டையோட் செத்த அல்டர்னேட்டரும் என்ஜினை ஓடவைக்கும், நீங்கள் "நல்லம்" என்று முடிவு கட்டுவீர்கள். நல்ல அல்டர்னேட்டர் உள்ள காரும் ஐட்லிங்கில் நின்றுபோகலாம், நீங்கள் "பழுது" என்று புதுசு வாங்குவீர்கள். ஓடினாலும் பொய், நின்றாலும் பொய்.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். விலை உயர்ந்தது வேண்டாம், கடையில் கிடைக்கும் சாதாரண மீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பைப் பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் பிடியுங்கள். இரவு முழுக்க நின்ற காரில், சாவி போடுவதற்கு முன், 12.6 காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி, முதலில் சார்ஜரில் போட வேண்டும். ஸ்டார்ட் பண்ணும்போது ஒருவர் மீட்டரைப் பார்க்கட்டும். 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரி தளர்ந்துவிட்டது. ஓடத் தொடங்கியபின் 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். பிறகு ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாம் போட்டு, அக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்தும் பாருங்கள். அப்போதும் 13.5ஐ விட்டு இறங்கக் கூடாது. 15ஐத் தாண்டினால் கட்அவுட் போய்விட்டது, பற்றரி கொதிக்கிறது. அழுகின முட்டை நாற்றம் வந்தால் அதுவும் இதுதான், உடனே நிறுத்துங்கள்.

அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை. ஒரு வயரையும் கழற்றவில்லை.

சாவியைத் திருப்பியவுடன், ஸ்டார்ட் ஆகுமுன், டாஷ்போர்டில் பற்றரி லைட் எரிகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். பழைய கார்கள் பலவற்றில் அந்தச் சின்ன பல்ப் வழியாகத்தான் அல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகும். பல்ப் போனால் சார்ஜும் போய்விடும். அது தெரியாமல் அல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, ஏர்த், அதாவது பற்றரியின் மைனஸை என்ஜினோடும் கார் பொடியோடும் (காரின் உடம்போடும்) இணைக்கும் வயர். கொழும்பில், அதுவும் கடற்கரைப் பக்கம் கார் நிறுத்துகிறவர்களுக்கு, இதுதான் தலையாய நோய்.

வெள்ளவத்தையில் மெரின் டிரைவுக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருக்கும் ஒரு அக்கா, ஒரே வருடத்தில் இரண்டு பற்றரி வாங்கிவிட்டு என்னிடம் வந்தார். காலையில் ஸ்டார்ட் எடுக்காது, டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும். பற்றரியைப் பார்த்தேன், 12.6. கறுப்பு முனையைப் பற்றரியின் மைனஸ் கம்பத்தில் வைத்து, சிவப்பை என்ஜின் புளொக்கில் சுரண்டிய இடத்தில் குத்திப் பிடித்தேன். "அக்கா, இப்ப ஸ்டார்ட் அடியுங்கோ" என்றேன். மீட்டர் 1.4 காட்டியது. அந்த இடத்தில் 0.3க்கு மேல் வரவே கூடாது. பற்றரியில் இருக்கிற பலம் வழியிலேயே தொலைகிறது. ஏர்த் வயரைக் கழற்றினேன். வெளியே பார்க்க நல்ல வயர், மேலே பழுதில்லை. வயர் நுனியில் இருக்கும் லக்குக்குப் பக்கத்தில் உறையைக் கீறினேன். உள்ளே செம்பு நிறமே இல்லை, பச்சைப் பொடி. விரலால் தட்டினால் இழைகள் உதிர்ந்தன. கார் பொடியில் அந்த வயரை முறுக்கியிருந்த இடத்திலும் பெயிண்டுக்கு அடியில் துரு. உப்புக்காற்று செய்த வேலை. புது வயர் ஒன்று, துருவைச் சுரண்டிய இடம், ஒரு புது போல்ட். அதற்குப் பிறகு அந்தக் கார் காலையில் ஒருதரம்கூட மறுத்ததில்லை. இரண்டு பற்றரிக்காரனில் ஒருவனாவது மீட்டரை அந்த இடத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

பற்றரி முனையில் வெள்ளைப் பொடி, பச்சைப் பொடி படிந்தால் அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். கரைசல் பற்றரியின் மூடிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவி, உலர்த்தி, இறுக்கிப் பூட்டியபின் மேலே கொஞ்சம் வஸ்லின். முதலில் வஸ்லின் பூசிவிட்டுப் பூட்டாதீர்கள்.

காரை இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் பற்றரி இறங்குகிறது என்பவர்கள் அல்டர்னேட்டரைக் குறை சொல்லுமுன் கரண்ட் கசிவைப் பாருங்கள். என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 அம்பியரில் வைத்து, கழற்றிய வயருக்கும் பற்றரியின் மைனஸுக்கும் நடுவில் பூட்டி, கதவுகளை மூடி அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. அரை அம்பியர் போனால் 40 அம்பியர் மணி பற்றரி 80 மணித்தியாலத்தில் காலி. மீட்டர் நடுவில் இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் அடிக்காதீர்கள், மீட்டரே போய்விடும். பியூஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எதை எடுக்கும்போது எண் விழுகிறதோ அந்தப் பாதையில்தான் கள்ளன். நான் கண்ட அளவில் பெரும்பாலும் பிறகு பூட்டிய ரேடியோ, அலாரம், அணையாத டிக்கி லைட்.

பியூஸ் என்றதும் ஒன்று. பியூஸ் எரிந்தால் அது ஏன் எரிந்தது என்று பாருங்கள். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றாதீர்கள், செம்புக் கம்பி போடாதீர்கள், 10 அம்பியர் இடத்தில் 30 போடாதீர்கள். முப்பது வருடத்து வயரின் உறை காய்ந்து வெடித்திருக்கும், எலி கடித்தும் இருக்கும். பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும். ஹெட்லைட்டுக்கு 100 வொட் பல்ப் போடுகிறவர்களும் கேளுங்கள். இரண்டு பல்புக்கும் சேர்த்து 16 அம்பியருக்கு மேல் இழுக்கும், கம்பெனி போட்ட வயரும் சுவிட்சும் 55, 60 வொட்டுக்குக் கணக்குப் பார்த்தவை. அந்தக் கரண்டைச் சுவிட்ச் வழியாக விடாமல் பற்றரியில் இருந்து நேரே கொடுக்கும் ரிலே போடாமல் அந்தப் பல்ப் வேண்டாம்.

இனி உயிர்ப் பாதுகாப்பு. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வேலை தொடங்குமுன் மோதிரம், வளையல், இரும்புப் பட்டிக் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பிளஸில் இருக்கும் ஸ்பெனர் கார் பொடியில் பட்டால் நொடியில் சிவந்துவிடும். அது மோதிர விரலாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். பழைய மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம், அதில் பிளஸ்தான் பொடியில் இருக்கும். அங்கே பொடிக்குப் போகும் வயரை முதலில் கழற்றுங்கள்.

சார்ஜ் ஏறும் பற்றரி ஹைட்ரஜன் விடும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே அது வெடிக்கும். அனெக்ஸ் வீடுகளில் இருப்பவர்கள் பற்றரியை அறைக்குள் கொண்டுவந்து, சாமித்தட்டு விளக்குக்கும் நுளம்புத்திரிக்கும் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் போடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தயவு செய்து வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சார்ஜரை நிறுத்திவிட்டு அப்புறம் கிளிப்பைக் கழற்றுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

இன்னொரு காரின் பற்றரியில் இருந்து வயர் போட்டு ஜம்ப் எடுக்கும்போது கடைசிக் கிளிப்பை இறங்கிய பற்றரியின் மைனஸில் போடாமல், பற்றரிக்குத் தூரமாக என்ஜின் இரும்பில் போடுங்கள். லொறிக்காரரிடம் ஜம்ப் கேட்காதீர்கள், பல லொறிகளில் 24 வோல்ட். ஹைபிரிட் காரில் ஒரேஞ்ச் நிற வயர் எது கண்டாலும் தொடாதீர்கள், பிரியஸில் அந்தப் பக்கம் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது.

பற்றரிக்குத் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்ட் வோட்டர் மட்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஏசியில் சொட்டும் தண்ணீர் வேண்டாம், அசிட் வேண்டவே வேண்டாம். அசிட் கண்ணில் பட்டால் கசக்காதீர்கள். குழாயைத் திறந்து, இமையை விரித்துப் பிடித்து, இருபது நிமிடம் தண்ணீர் ஓடவிடுங்கள். கழுவிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடட்டும். கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் போகிற வழியிலேயே கண் வேகும்.

சன்னிக்கு ஈசியூ கிடைத்துவிட்டது. அந்தப் பையன் நேற்று பின்னேரம் தானாக கராஜுக்கு வந்தான். பிரஷ் மாற்றி, கட்அவுட் போட்டு, ஸ்டார்ட் பண்ணியபோது மீட்டரை அவன் கையில் கொடுத்தேன்.

"எவ்வளவு தம்பி?"

"பதினாலு புள்ளி ஒண்டு அண்ணா."

"ஹெட்லைட் போடு. இப்ப?"

"பதின்மூண்டு புள்ளி ஒன்பது."

சேரிடம் சாவியைக் கொடுத்தேன்.