மிகுப்பி: ‘என்ஹான்சர்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) பற்றி 2022-ல் ஒரு பெரிய மரபியல் ஆய்வு வெளிவந்தது. நோயுள்ள 76,755 பேரையும் நோயில்லாத 2,43,649 பேரையும் ஒப்பிட்டு, மரபுத்தொகுதியில் நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டார்கள். இதைப் படிக்கிறவருக்கு 287 மரபணுக்கள் கெட்டுப்போயிருக்கின்றன என்றுதான் தோன்றும். உண்மை வேறு. அந்த இடங்களில் பெரும்பாலானவை புரதத்துக்கான குறிப்பு எழுதப்பட்ட பகுதிக்கு வெளியே இருக்கின்றன. அப்படியானால் அங்கே என்னதான் இருக்கிறது? ஆய்வாளர்களிடமிருந்து அடிக்கடி வரும் பதில் ‘என்ஹான்சர்’.

என்ஹான்சர் என்பது பெரும்பாலும் சில நூறு எழுத்து (டி.என்.ஏ. சங்கிலியின் ஓர் அலகை எழுத்து என்கிறோம்) நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு. அதில் புரதத்துக்கான குறிப்பு எதுவும் இல்லை. செல்லுக்குள் இருக்கும் சில புரதங்கள் வந்து அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். இடையிலுள்ள டி.என்.ஏ. வளைந்து கொடுக்க, தொலைவில் உள்ள மரபணுவின் தொடக்க முனைக்கு அருகே இந்தத் துண்டு வந்து சேரும். அங்கே ஆர்.என்.ஏ. படியெடுப்பு, அதாவது மரபணுவிலுள்ள குறிப்பை ஆர்.என்.ஏ.வாக நகலெடுப்பது, கூடும். நரம்புச் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். ஒட்டிக்கொள்ளும் புரதங்கள் செல்லுக்குச் செல், மாதத்துக்கு மாதம் வேறுபடுவதால் எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு பேசும் என்பதும் வேறுபடுகிறது.

இந்தச் சொல் மூலக்கூறு உயிரியலுக்குள் வந்தது 1981-ல். ஜூரிக்கில் வால்டர் ஷாஃப்னரும் உடன் பணியாற்றிய பானர்ஜி, ருஸ்கோனி ஆகியோரும் முயலின் ஹீமோகுளோபின் மரபணு ஒன்றை ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல்களான ஹீலா செல்களுக்குள் செலுத்தினார்கள். எஸ்வி40 வைரஸின் ஒரு சிறு துண்டையும் அதோடு சேர்த்தபோது படியெடுப்பு சுமார் 200 மடங்கு கூடியது. துண்டைத் திருப்பி வைத்தாலும், ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளி வைத்தாலும் வேலை செய்தது. ஒரு மரபணுவை இயக்குவது அதன் வாசலில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. கட்டுரைத் தலைப்பிலேயே ‘என்ஹான்ஸ்’ என்ற வினை இருந்தது. பெயர் நிலைத்துவிட்டது.

அந்த வினையின் வேர் லத்தீனின் ‘ஆல்டஸ்’, அதாவது உயரம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது அதற்குத் தூக்குதல், உயர்த்துதல் என்றே பொருள். சிறப்பாக்குதல் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. நம்மூர் நீதிமன்றங்களில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. நிலம் எடுப்பு வழக்கில் ‘என்ஹான்ஸ்மென்ட்’ கேட்கிறவர், இழப்பீட்டுத் தொகையைக் கூட்டித்தரச் சொல்கிறார், அவ்வளவுதான். மரபியல் சொல்லிலும் இருப்பது அதே பொருள்: அளவைக் கூட்டுவது.

ஆகவே ‘மேம்படுத்தி’ பொருந்தாது. ஒரு மரபணு கூடுதலாகப் பேசுவது மேம்பாடாக இருக்க வேண்டியதில்லை. வளரும் மூளையில் மிகுந்தாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல். ‘ஊக்கி’ என்றால் வேதியியலின் வினையூக்கி முன்னால் வந்து நிற்கும். ‘பெருக்கி’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மரபணுவே பல பிரதிகளாகப் பெருகுவது தனி நிகழ்வு, இரண்டும் குழம்பும். வேரை அப்படியே பிடித்து ‘உயர்த்தி’ எனலாம், லிஃப்டு நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது.

நான் பரிந்துரைப்பது ‘மிகுப்பி’. மிகு என்ற வினையிலிருந்து வருவது. மிகச் செய்வது என்று பொருள். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த வினையின் போக்கு நன்றாகத் தெரியும்: எழுத்து அதே எழுத்துதான், மிகுவதும் மிகாததும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எதிர்ச் செயல் செய்யும் ‘சைலன்சர்’ துண்டுக்கு ‘அடக்கி’ என்ற சொல் தயாராகவே கிடைக்கிறது.

சொல் சரியா என்று புழங்கிப் பார்க்கலாம். சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு கை விரல்கள் உருவாகவும் வேண்டும், முன்மூளை உருவாகவும் வேண்டும். அதன் கைமிகுப்பி ஏறக்குறைய 10 லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவுக்குள் இருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினாலே கூடுதல் விரலோடு குழந்தை பிறக்கலாம். மூளைக்கு ஒன்றும் ஆகாது. மூளைமிகுப்பிகளில் ஒன்று சுமார் 4,60,000 எழுத்து தொலைவில் உள்ளது. முன்மூளை இரு பாதிகளாகச் சரியாகப் பிரியாத ஒருவரிடம் அந்தத் துண்டில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததை 2008-ல் கண்டார்கள். அங்கே ஒட்ட வேண்டிய புரதத்தின் பிடி அதனால் தளர்ந்திருந்தது. மரபணுவின் உள்ளே எழுத்துப்பிழை எதுவும் தேவைப்படவில்லை.

மனநோய்களில் கதை இன்னும் மெல்லியது. செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாயில் ஒன்றை உருவாக்கும் சிஏசிஎன்ஏ1சி என்ற மரபணுவை எடுத்துக்கொள்வோம். அதன் புரதப் பகுதியில் குறிப்பிட்ட ஓர் எழுத்து மாறினால் டிமோத்தி சிண்ட்ரோம் வரும்: உயிருக்கே ஆபத்தான இதயத்துடிப்புச் சிக்கல், ஒட்டிய விரல்கள், பலருக்கு ஆட்டிசம். மிக அரிது. அதே மரபணுவின் நடுவே, புரதமாகாத நீண்ட பகுதியில் வேறொரு எழுத்து மாற்றம் உண்டு. மனச்சிதைவோடும் இருமுனை மனநோயோடும் அது தொடர்புடையது. அந்தப் பகுதியில் மிகுப்பிகள் இருக்கின்றன. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் இந்த மாற்றத்தின் ஒரு பிரதியாவது இருக்கிறது, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எந்த நோயும் இல்லை. ஆபத்தை அது மிகச் சிறிதளவே கூட்டுகிறது. இப்படிப்பட்ட ஏராளமான சிறு சாய்வுகள் சேர்ந்துதான் பெரும்பாலும் மரபுவழி ஆபத்து உருவாகிறது.

இதில் காலமும் முக்கியம். மனச்சிதைவு பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ வெளிப்படுகிறது. ஆனால் அதோடு தொடர்புள்ள இடங்களில் கணிசமானவை கருவின் மூளையில் செயல்படும் ஒழுங்குப் பகுதிகளில் (மரபணுக்களின் அளவைக் கட்டுப்படுத்தும் மிகுப்பி போன்ற துண்டுகளில்) விழுகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் கருவின் பெருமூளைப் புறணியில் டி.என்.ஏ. எங்கெங்கே வளைந்து எதைத் தொடுகிறது என்று பார்த்தார்கள். பல இடங்கள் பக்கத்து மரபணுவை விட்டுவிட்டுத் தொலைவில் உள்ள மரபணுவைத் தொட்டுக்கொண்டிருந்தன. இடத்துக்குப் பக்கத்திலுள்ள மரபணுவையே குற்றம் சொல்லும் செய்திகளை இதனால்தான் நம்ப முடிவதில்லை.

இதையெல்லாம் அறிந்த பிறகு ‘மனச்சிதைவு ஒரு மரபணுக் கோளாறு’ என்று எழுதுவதை நாம் நிறுத்த வேண்டும். அந்த வாக்கியம் ஒரு குடும்பத்தின் மேல் முத்திரை குத்துகிறது. பெண் பார்க்க வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. ‘மனச்சிதைவோடு தொடர்புள்ள வேறுபாடுகளில் பல மிகுப்பிகளில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பங்கும் சிறியது’ என்று எழுதினால் நீளம் கூடும், அதனால் என்ன? அண்ணனுக்கு வந்தது தனக்கும் வருமா என்று பயந்து கேட்கிற தங்கைக்குச் சொல்ல வேண்டிய விடை இந்த வாக்கியத்தோடுதான் பொருந்தும்: உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான், ஆனால் சுமார் பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. அச்சு அசலாக ஒரே டி.என்.ஏ. கொண்ட இரட்டையரிலும், ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் பாதிப்பேருக்கோ அதற்கும் குறைவாகவோதான்.